குரலும் இளியும்

முதுகலை வகுப்பில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தும்போதெல்லாம் நமக்குள் ஒரு கூச்சம் எழுவதுண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைப் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவோம். குரலுக்கு நேரே சட்சம், இளிக்கு நேரே பஞ்சமம் என்று கோடிழுத்துக் காட்டுவோம். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா வரும். பதினெட்டு ஆண்டுகளாக இதுவே நடைமுறை. 'ஐயா, இளி எப்படி ஒலிக்கும்?' என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடை இருந்திருக்காது. இசைத்தமிழின் சொற்களை அறிவோம், இசையை அறியோம். மீனைத் தொட்டே பாராமல் மீனின் பெயர்களை எல்லாம் ஒப்பிக்கும் ஒருவன், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பதைப் போன்றது நம் நிலை.

அந்த விடையைச் சொல்லித் தந்தது நம் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. சொல்லித் தருவதற்கு முன் அவள் நம்மிடம் நிறைய வசவு வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்கவே இக்கட்டுரை.

*

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களைத் தென்மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில் தெருக்கள் குளங்களாயின. பல பகுதிகளில் நீர் வடியவே பல நாள்கள் ஆயின. நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. நாம் கீழ்த்தட்டிலிருந்த நூல்களை அள்ளிக் கட்டிலின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தோம். பதிப்பு வாரியாக அடுக்கினோம் என்று மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்த நேரத்தில் நாற்காலிமேல் ஏறி, தன் முக்கால் அளவு வயலினைப் பெட்டியோடு அலமாரியின் உச்சியில் வைத்தவள் மகள். எவரும் சொல்லாமல் தானே செய்தாள். அதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

வெள்ளம் வடிந்தது. அவளுக்குக் கற்பித்துவந்த ஆசிரியை, வீடு பாழானதால், சென்னையிலுள்ள தம் மகன் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். வகுப்பு நின்றது. 'தினமும் அரைமணி நேரம் வரிசைகளை மட்டும் வாசித்துவரட்டும்' என்று தொலைபேசியில் சொன்னார். மகள் சில நாள் வாசித்தாள், பிறகு எடுக்கவில்லை. கேட்டால், "நல்லா இல்லப்பா" என்பாள். "பயிற்சி செய்தால்தானே நன்றாக வரும்" என்போம். மறுநாள் எடுப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், முகம் சுளிப்பாள், வைத்துவிடுவாள்.

மாதங்கள் ஓடின. 2024 ஆனி மாதத்து மாலை ஒன்றில் நாம் பொறுமையிழந்தோம். செலவழித்த பணத்தைச் சொன்னோம், சோம்பலைச் சொன்னோம், 'வெள்ளத்திலேயே போயிருக்கலாம்' என்றும் ஒரு சொல் வாயிலிருந்து நழுவியது. அவள் அழவில்லை. வயலின் பெட்டியை மூடி, நம் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

மறுநாள் நாமே அதைச் சரிசெய்து தருவதென்று முடிவெடுத்தோம். வயலினைப் பழுதுபார்ப்பவர் ஊரில் எவரேனும் உண்டா என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தோம். தெளிவான விடை கிடைக்கவில்லை. சரி, கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கிறது. விளக்கும் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. படித்தவனுக்கு இது பெரிய வேலையா என்ற எண்ணம்.

காணொளியில் பேசிய வெளிநாட்டவர், தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டச் சொன்னார். நாமும் மெல்லிய தந்தியைத் திருகினோம். செயலி 'இன்னும், இன்னும்' என்றது, திருகினோம். 'டப்' என்ற ஓசையோடு தந்தி அறுந்து புறங்கையில் கீறியது. முகத்தை அருகில் வைத்திருந்தால் கண் போயிருக்கும். உப்புக் காற்றில் துருப்பிடித்த தந்தி, அத்தனை இழுப்பைத் தாங்கவில்லை. ஓடிவந்து பார்த்த மகள் அப்போதுதான் அழுதாள்.

அன்று மாலை நம் மாணவர் ஒருவரை அழைத்தோம். தேவாலயப் பாடற்குழுவில் வயலின் வாசிப்பவர். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, ஜி, டி, ஏ, ஈ எங்களுக்கு. பாப்பா கத்துக்கிறது கர்நாடக சங்கீதம். அவங்களுக்கு ச, ப, ச, ப" என்றார். ஒரே கருவி, பனிமய மாதா பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு முறையாகவும், நம் தெருவில் வேறொரு முறையாகவும் கூட்டப்படுகிறது. அது நமக்கு அன்றுவரை தெரியாது.

அவர் சென்ற பிறகு இன்னொன்றும் உறைத்தது. நின்ற நரம்பிலிருந்து எண்ணி வரும் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காம் நரம்பை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் இசை உரைகள் வகுக்கின்றன. குரலில் தொடங்கி ஐந்து ஐந்தாக எண்ணிச் சென்றால் இளி, துத்தம், விளரி என்று வரும். ஜி-யைக் குரலாகக் கொண்டால், டி, ஏ, ஈ என்பவை முறையே அந்த இளியும் துத்தமும் விளரியுமே! மேலைநாட்டார் கிளைமேல் கிளையாக நான்கு தந்திகளுக்கும் நான்கு சுரங்களைத் தந்திருக்கிறார்கள். நம்மவர்களோ குரலும் இளியுமாகிய ஒரே கிளையை இரண்டு முறை அடுக்கிக்கொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஒன்று, அறுந்த தந்தியொன்றின் முன்னால் முதன்முதலாகப் பொருள் பெற்றது.

*

இப்படி மாற்றி அடுக்கிய கதையின் ஒரு பகுதி நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). இவர்களின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் சென்னையை அடுத்து வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய இசையைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, நம் இசையை அதில் வாசிக்கத் தலைப்பட்டார். பின்னாளில் எட்டயபுரம் அரசவையின் இசைவாணரானார். தம்பி இருந்த எட்டயபுரத்திற்கு வந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேயே மறைந்தார். அவர் சமாதி இன்றும் அங்கிருக்கிறது. பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் அவருக்குத் தத்துப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் அச்சாயிற்று.

எட்டயபுரம் என்றால் பாரதி என்று மட்டுமே சொல்லிப் பழகியவர்கள் நாம். தூத்துக்குடியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், வயலின் என்ற அயற்கருவி நம் கருவியாகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. வாசிப்பவர் தரையில் அமர்ந்து, கருவியின் சுருள்தலையை வலக் கணுக்காலில் ஊன்றிக்கொள்ளும் முறை வந்தது. மெட்டுகள் இல்லாத விரற்பலகை கமகங்களுக்கு இசைந்து கொடுத்தது. தந்திகள் தாழ இறங்கிச் ச, ப, ச, ப ஆயின. பாலுசுவாமியும் ஒருநாள் அந்த அயற்கருவியின் பிரடையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு இறக்குவது என்று காது கொடுத்துத்தானே இருந்திருப்பார்? அவரிடம் செயலி இல்லை, காது இருந்தது.

*

முக்கால் அளவுக்குரிய புதிய தந்திகளை வரவழைத்தோம். ஆசிரியையிடம் தொலைபேசியில் முறை கேட்டோம். அவர் சொன்ன முதல் எச்சரிக்கை: "நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றிவிடாதீர்கள். ஒன்றை மாற்றி முடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்." காரணம் கேட்டோம். தந்திகளைத் தாங்கும் குதிரை பசையால் ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. கருவியின் வயிற்றுக்குள், குதிரையின் ஒரு காலுக்கு அருகே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் சிறு மரக்குச்சி ஒன்று நிற்கிறது, அதுவும் ஒட்டப்பட்டதன்று. அழுத்தம் முழுவதும் நீங்கினால் அதுவும் சாய்ந்துவிடலாம். இத்தாலியர் அதற்கு 'அனிமா', அதாவது உயிர், என்று பெயரிட்டிருக்கிறார்கள். கைவிளக்கை ஒலித்துளையில் பாய்ச்சிப் பார்த்தோம். உயிர் நின்றுகொண்டிருந்தது.

யாழின் ஓசைக்குச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு குற்றங்களைச் சிலப்பதிகார உரை சொல்கிறது. பண்ணோடு ஒட்டாத ஓசை செம்பகை. அளவு மிஞ்சி ஒலிப்பது ஆர்ப்பு. வர வேண்டிய ஓசை மழுங்கி வருவது கூடம். ஓசை சிதறி வருவது அதிர்வு. வேறு அளவுகோல் அறியாத நாம் இதையே எடுத்துக்கொண்டோம்.

கூடம் உடனே பிடிபட்டது. பழந்தந்திகளில் துருவும் அழுக்கும் ஏறியிருந்தன. வில்லின் மயிரில் ரோசின் சுத்தமாக இல்லை. தந்திகளை மாற்றினோம். ரோசின் கட்டியில் வில்லைப் பலமுறை மெல்லத் தேய்த்தோம். மயிரை விரலால் தொட்டுப் பார்க்கப் போன நம் கையை மகள் தட்டிவிட்டாள். கையின் எண்ணெய் பட்டால் அவ்விடத்தில் ரோசின் பிடிக்காதாம். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதும் அவள் சொன்னதே. நாம் தொடங்கியது முதல் எட்ட நின்று பார்த்திருந்தவள், இப்போது அருகில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதிர்வைத் தேடுவது சற்றுக் கடினமாயிற்று. இரண்டாம் தந்தியை மீட்டும்போதெல்லாம் வண்டு முரல்வதுபோல் ஓர் உபரி ஓசை. வெள்ளத்து ஈரத்தில் பலகைகளின் ஒட்டு விட்டுப்போயிருக்குமோ என்று அஞ்சி, விளிம்பு நெடுக விரல் முட்டியால் தட்டிக் கேட்டோம். எங்கும் ஒரே சீரான ஓசை. கடைசியில், தந்திகளின் அடிமுனையிலுள்ள நுண்திருகு ஒன்றின் மரை தளர்ந்திருந்ததைக் கண்டோம். நகத்தால் இறுக்கியதும் வண்டு அடங்கிற்று.

குதிரை சாய்ந்திருந்தது. தந்தியை முறுக்க முறுக்க அது விரற்பலகையின் பக்கம் இழுபடுமாம். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரு கைகளாலும் பற்றி, இம்மி இம்மியாக நிமிர்த்தினோம். ஒலித்துளைகளின் உட்பக்கத்தில் சிறு வெட்டு ஒன்று உண்டு. அவ்விரு வெட்டுகளுக்கு நேராகக் குதிரையின் கால்கள் முழுவதும் படிந்து நிற்க வேண்டும்.

எஞ்சியது பிரடை. மூன்று பிரடைகள் நில்லாமல் வழுக்கின. ஒன்று அசையவே மறுத்தது. இதற்கு இசையறிந்தவர் உதவவில்லை. அடுத்த தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவரே உதவினார். தோணி கட்டும் தச்சரை இக்கரையில் ஓடாவி என்பார்கள். அவர் வாழ்நாளெல்லாம் தோணி கட்டியவர். வயலினைக் கையில் வாங்கி, பிரடையை உருவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது ஆப்பு மாதிரிதான். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கு பாருங்க. சும்மா திருகுனா நிக்காது. உள்ள தள்ளிக்கிட்டே திருகணும்."

"டிசம்பர்ல எல்லாமே இறுகிக் கிடந்தது அண்ணாச்சி. இப்ப வழுக்குதே?"

"மழையில மரம் ஊதும். இப்பக் கச்சான் அடிக்குதுல்லா? காயுது, சுருங்குது. காத்து மாறுனா மரமும் மாறும் சார். மரத்துக் குத்தமில்ல, நம்ம குத்தமுமில்ல."

இறுகிய பிரடையில், துளையோடு உரசும் இரு இடங்களில் காய்ந்த சலவைச் சோப்பை லேசாகத் தடவினார். வழுக்கியவற்றில் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். சுண்ணக்கட்டி நம் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அது இசைக்குச் செய்த முதல் தொண்டு அதுவாகவே இருக்கும். பிரடைகள் பூனைக்குட்டிபோல் பணிந்தன.

சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகம் நினைவுக்கு வந்தது. தனக்குத் தரப்படும் யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்குவான். இது நீரில் நின்று அழுகிய மரம், இது இடிவிழுந்த மரம் என்பான். நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருப்பதைக் காட்டுவான். கதைத்தலைவனின் பெருமையை மிகைப்படுத்தும் கற்பனை என்றே வகுப்பில் சொல்லிவந்திருக்கிறோம். நம் கண்முன்னே ஒரு முதியவர், மரத்தைத் தொட்டு அது நனைந்த மாதத்தையும் காய்ந்த மாதத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

இனிச் செம்பகை. ஆசிரியை இரண்டு கட்டைச் சுருதி என்று சொல்லியிருந்தார். இரண்டு கட்டை என்றால் செயலியின் மொழியில் 'டி'. அதன் பஞ்சமம் 'ஏ'. ஆகவே டி, ஏ, டி, ஏ. பிரடையை உள்ளழுத்தித் திருகினோம். நெருங்கியதும் நுண்திருகால் சரிசெய்தோம். நான்கு தந்திகளுக்கும் திரையில் முள் நடுவில் நின்று பச்சை ஒளிர்ந்தது. வெற்றிப் புன்னகையோடு மகளிடம் நீட்டினோம்.

அவள் வில்லை எடுத்து, மேலிரண்டு தந்திகளையும் சேர்த்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். தலையசைத்தாள்.

"இன்னும் சேரலப்பா."

செயலியைக் காட்டினோம். பச்சை. மீண்டும் இழுத்தாள்.

"பச்சையா இருக்கு. ஆனா சேரல. உள்ள ஆடுது, கேளுங்க."

சினம் தலைதூக்கியதை மறைப்பானேன்? கருவி சரியென்கிறது, பத்து வயதுப் பெண் இல்லையென்கிறாள். ஆயினும் அறுந்த தந்தி நினைவிலிருந்ததால் வாயடக்கினோம். "எங்கே, மறுபடி இழு" என்று கண்ணை மூடிக்கொண்டோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, அந்த இரட்டை ஓசையின் உள்ளே ஏதோ ஒன்று மெல்ல எழுந்து தாழ்வது கேட்டது. நொடிக்கு ஓர் அலை. காற்றில்லாத விடியலில் கட்டிய படகு ஏறித் தாழ்வதுபோல. அவள் நுண்திருகை எறும்பளவு திருப்பினாள். அலை நீண்டது; இன்னும் நீண்டது; நின்றது. இரண்டு ஓசைகள் ஒன்றானதுபோல் அறை முழுவதும் நிறைந்தது.

"இப்ப" என்றாள்.

பிறகு, பௌதிகத் துறை நண்பர் விளக்கினார். தூய பஞ்சமம் சட்சத்திற்கு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நிற்பது. சட்சம் நொடிக்கு 200 முறை அதிர்ந்தால் பஞ்சமம் 300 முறை. செயலியோ மேலைநாட்டு விசைப்பலகை முறைப்படி ஓர் எட்டினைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கி அளக்கிறது. அதன் 'டி' 293.66; அதற்குத் தூய பஞ்சமம் 440.49, செயலி காட்டும் 'ஏ' 440 மட்டுமே. இரு தந்திகளையும் சேர்த்து ஒலித்தால், முதலாவதன் மும்மடங்கான 881உம், இரண்டாவதன் இருமடங்கான 880உம் ஒன்றோடொன்று மோதும். நொடிக்கு ஓர் அலை. நம் மகள் கேட்டது அதைத்தான். செயலியும் பொய் சொல்லவில்லை. வேறோர் இசைமுறையின் உண்மையைச் சொன்னது. அவள் அளந்தது குரலுக்கும் இளிக்கும் உள்ள கிளையை.

அப்போது நம் நெஞ்சில் ஒன்று தைத்தது. அரை அதிர்வின் பிழையைப் பொறுக்காத காது அது. அந்தக் காதை வைத்துக்கொண்டு, பிரடை வழுக்கி, குதிரை சாய்ந்து, தந்தி துருவேறிய கருவியை ஆறு மாதம் தினமும் அரைமணி நேரம் வாசி என்று வற்புறுத்தியிருக்கிறோம். 'நல்லா இல்லப்பா' என்று அவள் சொன்னது சாக்கன்று; சுருதி பிசகியிருக்கிறது என்ற துல்லியமான அறிக்கை. அதைச் சொல்ல அவளிடம் அந்த மூன்று சொற்கள்கூட இல்லை. இரண்டே சொற்கள்தாம் இருந்தன. நம்மிடமோ செம்பகை என்ற சொல் பதினெட்டு ஆண்டுகளாக இருந்தது, கேட்கத்தான் தெரியவில்லை. அவள் வாசிக்க மறுத்ததுதான் அவளிடமிருந்த இசை. அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டோம். நான்கு குற்றங்களில் ஆர்ப்பு மட்டும் அந்த வயலினில் இல்லை என்று முன்னர்ச் சொல்லாமல் விட்டோம். அது நம் குரலில் இருந்தது.

"அன்னைக்கு அப்பா பேசினது தப்பும்மா" என்றோம்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெள்ளத்துல போயிருக்கலாம்னு சொன்னதா?" என்று கேட்டாள். நினைவில் வைத்திருந்தாள். ஆம் என்றோம். சற்று நேரம் தந்திகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வயலினைக் கணுக்காலில் ஊன்றி, மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசையைத் தொடங்கினாள். ஆறு மாதத்துக் கை தடுமாறியது. வில் இரண்டோரிடத்தில் கீச்சிட்டது. நிறுத்தவில்லை. மூன்று காலங்களும் வாசித்தாள்.

*

வகுப்பறையிலும் எத்தனை மாணவர்களை இப்படி அளந்திருப்போம் என்ற கேள்வி அதன்பின் விடாமல் தொடர்கிறது. 'பாடம் நல்லா இல்ல ஐயா' என்று எழுந்து சொல்ல அவர்களுக்கு வாய்ப்பும் இல்லை. கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள்; நாம் வருகைப் பதிவேட்டில் குறியிடுகிறோம்.

அடுத்த பருவத்தில் அரங்கேற்று காதை வந்தபோது வயலினைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்ல மகளிடம் அனுமதி கேட்டோம். ஒரே நிபந்தனை விதித்தாள்: பிரடையைத் தொடக்கூடாது. கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. மூன்றாம் தந்தியை மீட்டாமல் இரண்டாவதை மீட்டி, 'இது குரல்' என்றோம். முதல் தந்தியை மீட்டி, 'இது இளி' என்றோம். பின் இரண்டையும் சேர்த்து. வகுப்பு அமைதியாயிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் கையுயர்த்தினார்.

"ஐயா, இன்னொருக்கா."